மழை பெய்த மறுநாள் எரியும் விளக்குகள்: ஏபிஎஸ் கருவியை மாற்றத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்வி: சிங்கப்பூரில் யீஷூனில் வசிக்கிறேன். என்னுடைய ஜப்பானிய செடான் காருக்கு ஒன்பது வயதாகிறது. வாகன உரிமைச் சான்றிதழ் முடிய இன்னும் 14 மாதங்கள் இருக்கின்றன. புளோக்கின் கீழே உள்ள திறந்தவெளி நிறுத்துமிடத்தில்தான் வண்டி நிற்கும். இரண்டு மாதங்களாக, இரவில் பலத்த மழை பெய்தால் மறுநாள் காலையில் இன்ஜின் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு மூன்றும் ஒன்றாக எரிகின்றன. சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே வேகமானியின் முள் ஒரு கணம் பூஜ்யத்துக்கு விழுந்து எழுகிறது. மதியத்துக்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது. நான் இணையத்தில் வாங்கிய சிறிய புளூடூத் ஸ்கேனரில் பி0562 என்ற கோளாறுக் குறியீடு மட்டும் தெரிந்தது. பட்டறையில் அதனுடன் யு0100, யு0121 ஆகியவையும் வந்தன. முதலில் பேட்டரியை மாற்றினார்கள், பலன் இல்லை. இப்போது ஏபிஎஸ் கருவி பழுது, மாற்றுவதற்கு 1,900 வெள்ளி ஆகும் என்கிறார்கள். மலேசியாவின் ஜொகூர் பாருவில் பாதிச் செலவில் முடிக்கலாம் என்கிறார் நண்பர். மாற்றலாமா? மூன்று மாதங்களுக்கு முன், கார் நிற்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம் ஒன்றைப் பொருத்தினேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

ஏபிஎஸ் கருவியை, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவியை, இப்போது வாங்க வேண்டாம். அது பழுதாக இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அது பழுது என்பதற்கு இதுவரை யாரும் அளந்து ஆதாரம் காட்டவில்லை என்றே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களோ வேறொரு திசையைக் காட்டுகின்றன. மழைக்குப் பிறகு மட்டும் வருவது, ஒரே நேரத்தில் மூன்று விளக்குகள் எரிவது, முள் விழுந்தவுடன் எழுந்துவிடுவது, வெயில் ஏறியதும் கோளாறு மறைந்துவிடுவது, புதிய பேட்டரியாலும் மாற்றம் இல்லாதது ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் முதலில் எர்த் இணைப்புகளையும் (மின்சாரம் காரின் உடற்பகுதி வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் இடங்கள்) கனெக்டர்களையும்தான் சந்தேகிப்பார்.

குறியீடு என்பது ஒரு கணினி எழுதிவைத்த புகார். எந்தச் சர்க்யூட்டில் தான் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை என்பதைத்தான் அது சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. யு0121 என்பதன் பொருள், ஏபிஎஸ் கணினியுடன் தொடர்பு அறுந்தது என்பதாகும். இதை ஏபிஎஸ் கணினி தன்னைப் பற்றித் தானே எழுதுவதில்லை; அதனிடமிருந்து தகவலை எதிர்பார்த்துக்கொண்டிருந்த இன்ஜின் கணினியோ, ஸ்டீயரிங் கணினியோ, டேஷ்போர்டு மீட்டரோ எழுதியிருக்க வேண்டும். யு0100 என்பது இன்ஜின் கணினியுடன் தொடர்பு அறுந்தது என்ற புகார். அதை எழுதியது ஏபிஎஸ், ஸ்டீயரிங், மீட்டர் ஆகியவற்றில் ஒன்று. ஆகவே பட்டறையிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தக் குறியீடு எந்தக் கணினியின் நினைவகத்தில் இருந்தது என்பதே. நல்ல ஸ்கேனர் ஒவ்வொரு கணினியையும் தனித்தனியாகப் பட்டியலிடும். மூன்று குறியீடுகளை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் பாதித் தகவல் அங்கேயே போய்விடுகிறது.

யு0100 ஏபிஎஸ் கணினியின் நினைவகத்திலேயே பதிவாகியிருந்தால், அந்த நேரத்தில் அதற்கு உயிர் இருந்திருக்கிறது என்று பொருள். செத்துப்போனவர் புகார் எழுதுவதில்லை. இன்ஜின் கணினி ஏபிஎஸ்ஸைக் காணோம் என்றும், ஏபிஎஸ் கணினி இன்ஜினைக் காணோம் என்றும் ஒன்றையொன்று குற்றம் சாட்டினால், குற்றம் பெரும்பாலும் அவ்விரண்டுக்கும் நடுவில் ஓடும் கம்பியில் இருக்கும். இல்லையென்றால் இரண்டுக்கும் பொதுவான மின்சாரத்திலோ எர்த்திலோ இருக்கும். விட்டுவிட்டு வேலை செய்யும் ஏபிஎஸ் கருவிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. சில ஐரோப்பிய கார்களில் அந்தக் கருவியின் சர்க்யூட் போர்டில் ஈயப்பற்று விரிசல் விடுவது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அத்தகைய விரிசல் பெரும்பாலும் சூட்டிலும் அதிர்விலும் தலைகாட்டும். இரவு மழையைக் கணக்கு வைத்துக்கொண்டு வந்து, வெயில் ஏறியதும் போய்விடாது.

உங்கள் சிறிய ஸ்கேனருக்கு ஒரு குறியீடும் பட்டறைக்கு மூன்றும் தெரிந்ததில் வியப்பில்லை. எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஓபிடி முறை (கார் தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் முறை), புகையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சட்டத்தின் வழியே வந்தது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலிருந்தும் அது கட்டாயமாயிற்று. அதனால் விலை குறைந்த ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் கணினியோடு மட்டுமே பேசும். ஏபிஎஸ், ஸ்டீயரிங், காற்றுப்பை போன்றவற்றின் கணினிகளைத் திறந்து பார்க்க, அந்தந்தக் கார் நிறுவனத்தின் மொழி தெரிந்த கருவி வேண்டும்.

மூன்று குறியீடுகளில் நான் அதிக மதிப்புக் கொடுப்பது, மற்றவர்கள் பேட்டரியோடு முடித்துக்கொண்ட பி0562-க்குத்தான். வோல்டேஜ் குறைவு என்பதே அதன் பொருள். வோல்டேஜ் குறைவு என்றதும் பேட்டரியை மாற்றுவது இயல்பான எண்ணம். ஒன்பது வயதுக் காரில், அதுவும் நம் ஊர் வெப்பத்தில், பேட்டரியைச் சந்தேகிப்பதில் தவறும் இல்லை. ஆனால் இன்ஜின் கணினி வோல்டேஜைப் பேட்டரியின் முனைகளில் அளப்பதில்லை. தன்னிடம் வந்து சேரும் மின்கம்பிக்கும் தன்னுடைய எர்த் கம்பிக்கும் இடையில்தான் அளக்கிறது. வழியில் ஓர் எர்த் இணைப்பு அரித்துப்போயிருந்தால், பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும்போதே கணினிக்கு 12 தான் வந்து சேரும். பேட்டரி புதியதாக இருந்தாலும் அதே 12 தான். பவர் ஸ்டீயரிங் விளக்கு சேர்ந்து எரிவதும் இதோடு பொருந்துகிறது. மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங் காரிலேயே அதிக மின்சாரம் இழுக்கும் பாகங்களில் ஒன்று என்பதால், வோல்டேஜ் இறங்கும்போது முதலில் முறையிடுபவற்றில் அதுவும் சேரும். வேகமானி முள்ளுக்கும் இதில் பங்கு உண்டு. இக்காலக் கார்கள் பலவற்றில் வேகத் தகவலை மீட்டருக்குத் தருவது ஏபிஎஸ் கணினிதான். அதன் பேச்சு ஒரு கணம் அறுந்தால் முள்ளும் ஒரு கணம் விழும்.

இதைச் சோதிக்கப் பட்டறைக்குப் போகுமுன் நீங்களே ஒன்று செய்யலாம். கைக்கருவிக் கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்த காலையில், விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே, காரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, முன்விளக்கு, ஏர்கான் காற்றாடி, பின்கண்ணாடி சூடேற்றி ஆகிய மூன்றையும் போட்டுவிடுங்கள். மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனைகளில் வைத்துப் படியுங்கள். அதே நேரத்தில் உங்கள் ஸ்கேனர் செயலியில், கட்டுப்பாட்டுக் கணினியின் வோல்டேஜ் (control module voltage) என்ற நேரலை அளவைப் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: இத்தகைய புளூடூத் ஸ்கேனர்கள் தாங்கள் செருகப்பட்டிருக்கும் சாக்கெட்டின் வோல்டேஜையும் தனியாகக் காட்டும், அது வேறு, கணினி தானே அறிவிக்கும் அளவு வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. இரண்டுக்கும் 0.2 அல்லது 0.3 வோல்ட் வித்தியாசம் இருந்தால் கவலையில்லை. பேட்டரியில் 14.1 இருந்து கணினி 12.8 என்று சொன்னால், அந்த 1.3 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது; அந்த இடத்தைத் தேடுவதுதான் இனி வேலை. பேட்டரியின் முனைகளிலேயே 13-க்குக் கீழே தொடர்ந்து நின்றால், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெரிய கம்பியையும் பார்க்க வேண்டும். புதிய மாடல்கள் சிலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக ஆல்டர்னேட்டர் வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைக்கும் என்பதால், எல்லாச் சுமையையும் போட்டுவிட்டுப் படித்த அளவையே நம்ப வேண்டும்.

பி0562 பதிவான கணத்தின் நிலவரத்தையும் கணினி பெரும்பாலும் சேர்த்து வைத்திருக்கும். ஸ்கேனரில் உறைநிலைத் தகவல் (freeze frame) என்று அதைத் தேடிப் பாருங்கள். இன்ஜின் சுழற்சி 200 போன்ற சிறிய எண்ணாக இருந்தால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் சரிந்திருக்கிறது. 700, 800 என்று இருந்தால், ஓடத் தொடங்கிய பிறகே சரிந்திருக்கிறது. கூலன்ட் வெப்பம் 28 டிகிரி அளவில் இருந்தால், இரவெல்லாம் நின்ற காரைக் கிளப்பிய சில நொடிகளில் நடந்தது என்று தெரிந்துவிடும். குறியீடுகளை அழிப்பதற்கு முன் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்தால் இதுவும் சேர்ந்து அழியும். குறியீட்டை அழித்துவிட்டு, ஓட்டிப் பாருங்கள், வந்தால் கொண்டுவாருங்கள் என்று அனுப்பும் பட்டறைப் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம்.

வழியில் தொலையும் வோல்டேஜைத் தேடும் முறைக்கு வருகிறேன். இதில் பலர் ஓம் அளவை வைத்துப் பார்த்துவிட்டுக் கம்பி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது கம்பியில் விடுவது மிகச் சிறிய மின்னோட்டம். பல இழைகள் அறுந்து இரண்டு மூன்று இழைகளே மிஞ்சிய கம்பியும் அந்தச் சோதனையில் தேறிவிடும். ஏபிஎஸ் பம்ப் மோட்டாருக்கான ஃபியூஸ் பொதுவாக 30 அல்லது 40 ஆம்பியர் கொண்டது. அந்தக் கம்பியில் 0.1 ஓம் தடை கூடினால், 30 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் போய்விடும். 0.1 ஓம் என்பது சாதாரண மீட்டரில் அதன் சொந்தக் கம்பிகளே காட்டும் அளவு. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம்கூட 1.5 வோல்டை விழுங்கும். அந்த 0.01-ஐக் கண்டுபிடிக்க உங்கள் மீட்டரால் முடியாது. ஆகவே சுமையோடு ஓடும்போது வோல்டேஜ் இழப்பை அளப்பதே வழி.

மீட்டரை டிசி (நேர் மின்னோட்ட) வோல்டேஜுக்குத் திருப்பி, கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனை ஈயத்தின் மேலேயே வையுங்கள். அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வைத்தால், கிளாம்ப்புக்கும் ஈயத்துக்கும் இடையிலுள்ள கோளாறு தெரியாமல் போகும். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கின் துருப்பிடிக்காத உலோகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்டைத் தாண்டினால் இன்ஜின் எர்த் சரியில்லை. அதேபோல் காரின் உடற்பகுதியில் ஒரு போல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓட, எல்லாச் சுமையும் போட்டு அளந்தால் 0.1 வோல்டுக்குள் நிற்க வேண்டும். காற்றாடி பெல்ட்டுக்கு அருகில் கைகளையும் தொங்கும் சட்டையையும் கொண்டு போகாதீர்கள்.

எங்கே தேடுவது என்று கேட்டால், உங்கள் கடிதத்தில் இருக்கும் மழையே வழி சொல்கிறது. யீஷூனில் மட்டுமல்ல, நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) திறந்தவெளி நிறுத்துமிடங்கள் பலவற்றில் தூங்குமூஞ்சி மரங்கள்தான் நிழல் தருகின்றன. அவற்றின் சிறிய இலைகள் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் சேர்ந்து மக்கி, நீர் வெளியேறும் துளையை அடைத்துவிடும். விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்று மழையில் அரை மணி நேரத்தில் இறங்கும் நீருக்கு அந்தத் துளை போதாமல், அது பள்ளத்தில் தேங்கி, கம்பிகள் உள்ளே நுழையும் ரப்பர் வழியாகவோ காற்று உறிஞ்சும் வழியாகவோ காருக்குள் கசிகிறது. கால்விரிப்பைத் தூக்கி, அதன் அடியிலுள்ள பஞ்சுத் துணியை விரலால் அழுத்திப் பாருங்கள். மேலே உலர்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். வலது, இடது பக்கங்களில் கால் வைக்கும் இடத்தின் ஓரத் தகட்டைக் கழற்றினால், பல கார்களில் அங்கேதான் ஒயரிங் கனெக்டர்களும் ஓர் எர்த் போல்ட்டும் இருக்கும். கனெக்டரின் பித்தளை முனைகளில் பச்சைப் படிவம் தெரிந்தால், தேடியது கிடைத்துவிட்டது. முன்கண்ணாடியை இடையில் மாற்றியிருந்தால், அதன் ஒட்டுப்பசையில் இடைவெளி இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் பகுதியில், பேட்டரித் தட்டுக்குக் கீழே உடற்பகுதியோடு பிணைக்கப்பட்ட எர்த் முனையை முதலில் பார்க்கச் சொல்வேன். மேலிருந்து பார்த்தால் போல்ட் பளபளவென்று இருக்கும். பலரும் அதோடு விட்டுவிடுவார்கள். போல்ட்டைக் கழற்றி முனையைத் தூக்கினால், அதன் அடிப்புறத்தில் வெள்ளையும் பச்சையும் கலந்த பொடி படிந்திருக்கும். தகட்டின் பெயிண்டுக்கும் உலோகத்துக்கும் இடையில் பழுப்பு நிறத்தில் துரு ஊர்ந்திருக்கும். கம்பி முனைக்குள் நுழையும் இடத்தில் காப்புறையை அழுத்தினால் உள்ளே செம்பு கறுத்து நொறுங்கும். பொடியாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையான உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினால் போதும். கிரீஸை உலோகங்களுக்கு நடுவில் தடவிவிட்டு இறுக்குவது தவறான வரிசை. செம்பு கறுத்திருந்தால் சுத்தம் செய்வது வீண். கம்பியையே மாற்ற வேண்டும். கம்பியும் கூலியும் சேர்ந்தாலும் அது 1,900 வெள்ளிக்கு அருகில்கூட வராது.

எர்த் எல்லாம் சரியாக அளந்தால், அடுத்தது தகவல் கம்பிகள். கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முறுக்கப்பட்ட இரண்டு கம்பிகளைப் பயன்படுத்துகின்றன. 1980-களில் பாஷ் நிறுவனம் உருவாக்கிய கேன் என்ற முறை இது. அந்த இணைப்பின் இரு கோடிகளிலும் தலா 120 ஓம் தடை இருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால், நடுவில் அளந்தால் 60 வர வேண்டும். ஓபிடி சாக்கெட்டில் அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பார்த்தால், மேல்வரிசையில் இடமிருந்து ஆறாவது துளையும், அதற்கு நேர் கீழே உள்ள 14-ஆவது துளையும் இந்தக் கம்பிகள். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, இவற்றுக்கு இடையில் ஓம் அளக்கலாம். சற்று முன் ஓம் அளவைக் குறை சொன்னேனே என்று நினைக்க வேண்டாம்; இங்கே ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் இந்தச் சோதனை செல்லும். 60 வந்தால் முதன்மை இணைப்பு தொடர்ச்சியாக இருக்கிறது. 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில கார்களில் சாக்கெட்டுக்கும் மற்றக் கணினிகளுக்கும் நடுவில் ஓர் இடைக்கணினி இருப்பதால், இந்த அளவு முன்பகுதியை மட்டுமே காட்டும். அத்தகைய காரில் ஏபிஎஸ் கனெக்டரிலேயே அளக்க வேண்டியிருக்கும். இதையும் காய்ந்த மதியத்தில் அளந்துவிட்டு 60 வந்தது என்று திருப்தி அடைவதில் பயனில்லை. ஈரக் காலையில் அளக்க வேண்டும்; அல்லது பட்டறையில் இன்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியால் ஒவ்வொரு கனெக்டராக நனைத்துக்கொண்டே ஸ்கேனரின் நேரலை அளவைக் கவனிக்க வேண்டும். உயர் அழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சியைக் கொண்டு இதைச் செய்யும் பட்டறையாக இருந்தால் காரைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். இல்லாத கோளாறையும் அது உருவாக்கிவிடும். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றை நீங்கள் தொடவே வேண்டாம்.

டேஷ்கேமைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொடர்பு இருக்கலாம், ஆனால் முழுக் காரணமாக இருக்காது. நின்ற காரில் பதிவு செய்யும் கேமரா 0.3 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 12 மணி நேர இரவில் 3.6 ஆம்பியர்-மணி போகும். சனி, ஞாயிறு முழுவதும் கார் அசையாமல் நின்றால் 14-ஐத் தாண்டும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி காலி. இப்படி இறங்கிய பேட்டரி, அரித்த எர்த்தோடு சேரும்போது, தனித்தனியாகச் சமாளித்திருக்கக்கூடிய இரண்டு குறைகள் ஒன்றாகிக் கணினியின் எல்லைக்குக் கீழே வோல்டேஜைத் தள்ளுகின்றன. கேமராவின் மின்கம்பியில் எந்த வோல்டேஜில் மின்சாரத்தைத் துண்டிப்பது என்று தேர்ந்தெடுக்கும் சிறு சுவிட்ச் இருந்தால், அதை 12.2-க்குக் குறையாமல் வையுங்கள். கேமராவைப் பொருத்தியவர் எந்த ஃபியூஸிலிருந்து மின்சாரம் எடுத்தார், எந்தப் போல்ட்டில் எர்த் கொடுத்தார் என்பதையும் பாருங்கள். ஏபிஎஸ் ஃபியூஸிலிருந்து எடுத்திருந்தாலோ, தொழிற்சாலை எர்த் போல்ட்டைத் தளர்த்தி அதில் செருகிவிட்டுச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தாலோ, கதை அங்கேயே முடியலாம். கோளாறு கேமரா வந்த பிறகு தொடங்கியது என்பதால் இதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். சில நாட்களுக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மழையைக் கடந்து பாருங்கள், செலவில்லாத சோதனை.

ஏபிஎஸ் கருவிதான் பழுது என்று எப்போது ஒப்புக்கொள்ளலாம்? அதன் கனெக்டரைக் கழற்றி, மின்சாரத்துக்கும் எர்த்துக்கும் உரிய முனைகளில் 55 வாட் முன்விளக்கு பல்ப் ஒன்றைச் சுமையாகக் கொடுத்து, அது முழு வெளிச்சத்தில் எரிவதைப் பார்த்து, தகவல் கம்பிகள் இரண்டும் அந்தக் கனெக்டர்வரை முழுமையாக வந்து சேர்வதை உறுதிசெய்த பிறகும், கருவி ஸ்கேனருக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். மீட்டரில் 12 வோல்ட் வருகிறது என்பது போதாது. ஒற்றை இழையும் 12 வோல்ட் காட்டும், ஆனால் பல்பை எரிக்காது. இந்தச் சோதனையும் கோளாறு இருக்கும் நேரத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும். அப்படியே நிரூபணமானாலும், புதிய கருவி ஒன்றே வழியல்ல. கருவியின் மின்னணுப் பகுதியை மட்டும் பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய காரிலிருந்து எடுத்த கருவியும் கிடைக்கும்; பாக எண் முழுவதும் பொருந்த வேண்டும், உங்கள் காருக்கு ஏற்பக் கணினியில் பதிவும் செய்ய வேண்டும். பிரேக் எண்ணெய்க் குழாய்களைக் கழற்ற நேர்ந்தால், ஸ்கேனர் வழியாகப் பம்பை இயக்கிக் காற்றை வெளியேற்றுவது கட்டாயம். இதைச் செய்யத் தெரியாதவரிடம் பிரேக்கைக் கொடுக்காதீர்கள்.

ஜொகூர் பாருவைப் பற்றி நண்பர் சொன்னது விலையில் உண்மையாக இருக்கலாம். சர்வீஸ், டயர், பெயிண்ட் என்றால் நான் தடுக்க மாட்டேன். மழைக் காலையில் மட்டும் தலைகாட்டும் மின்கோளாறுக்கு, விளக்கு எரியும் அந்த நேரத்தில் ஓட்டிக்கொண்டு போகக்கூடிய தூரத்தில் பட்டறை இருக்க வேண்டும். பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்று போய்ச் சேரும்போது எல்லாம் காய்ந்து, விளக்குகள் அணைந்து, பார்ப்பவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. அப்போது அவரும் ஊகத்தில்தான் பாகத்தை மாற்றுவார். சின் மிங், காக்கி புக்கிட், உபி வட்டாரங்களில் மின்வேலையை மட்டுமே செய்யும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். கண்டறியும் வேலைக்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம் பேசிக்கொண்டு, முந்தைய இரவே காரை அங்கே விட்டுவிடுவது நல்லது. பாகம் மாற்றினால் கண்டறிவது இலவசம் என்று சொல்லும் இடத்தில், பாகம் மாற்றியே தீர வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு உண்டு.

அதுவரை ஓட்டலாமா என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஈரச் சாலையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் என்பதை மனத்தில் வைத்து, இடைவெளி விட்டு மெதுவாக ஓட்டலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ ஸ்டீயரிங் கனத்தாலோ ஓட்டாதீர்கள். உங்கள் காரில் ஸ்டீயரிங் விளக்கும் எரிவதால், அந்தக் காலைகளில் விரைவுச்சாலையைத் தவிர்த்துவிடுங்கள். வளைவில் திரும்பும்போது உதவி திடீரென்று போவது மூன்றில் மிக ஆபத்தானது.

சான்றிதழ் விஷயத்தில், 14 மாதம் மட்டுமே மிஞ்சிய காருக்கு 1,900 வெள்ளி என்பது நிரூபணம் இருந்தாலும் யோசிக்க வேண்டிய தொகை. நிரூபணம் இல்லாமல் யோசிக்கவே தேவையில்லாத தொகை. சான்றிதழைப் புதுப்பித்து ஐந்தோ பத்தோ ஆண்டு வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், பத்து வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும் என்பதையும், ஈரம் புகுந்த ஒயரிங் ஒவ்வோர் ஆண்டும் வேறொரு கனெக்டரில் தலைகாட்டக்கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் நீர் புகும் வழியை அடைப்பது எர்த்தைச் சரிசெய்வதைவிட முக்கியமான வேலை.

அடுத்த மழைக்குப் பிறகு மூன்று எண்களை மட்டும் குறித்து அனுப்புங்கள்: சுமையோடு பேட்டரி முனைகளில் வந்த வோல்டேஜ், அதே நேரத்தில் இன்ஜின் கணினி சொன்ன வோல்டேஜ், ஸ்டார்ட் செய்யும்போது எதிர்முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையில் வந்த வோல்டேஜ். மூன்றாவது எண் 0.2-ஐத் தாண்டியிருந்தால் எனக்கு எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த எர்த் இணைப்பை அன்றைக்கே சரிசெய்யச் சொல்லிவிடுங்கள்.